மூன்று ஏயும் ஒரு நேர்த்தியும்

மகளுக்கு மூன்று பாடத்திலும் ஏ வந்தால் ஸ்கொலர்ஷிப்போடு ஸ்கொட்லாந்து. ஒன்றில் பி விழுந்தாலும் ஸ்கொலர்ஷிப் இல்லை. லண்டனிலேயே ஒரு பல்கலைக்கழகம், நாங்கள் இருக்கிற மோர்டனிலிருந்து ட்ரெயின் பிடித்துப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சு இவ்வளவுதான்.

வடக்கே கடலோரத்தில் இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்தை அவளே தேடிப் பிடித்தாள். கடலுயிர்களைப் பற்றிய படிப்பு. ஏ லெவல் பரீட்சையில் மூன்று ஏ எடுத்து, தங்களையே முதல் தெரிவாகப் போட்ட பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அது இல்லாமல் அவ்வளவு தூரம் அனுப்ப எங்களால் முடியாது என்று அவளுக்கும் தெரியும். என் கணவருக்கோ அந்தப் படிப்பே பிடிக்கவில்லை. டொக்டர், என்ஜினியர் என்றால் சொந்தக்காரருக்குச் சொல்லலாம், மீனைப் படிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது என்று முகத்தைச் சுளித்தார். மீன் வாங்க மட்டும் சனிக்கிழமை விடிய எழும்பி ஓடுகிறீர்கள்தானே, அதைப் படித்தால் என்ன குறைந்துவிடும் என்று வாயை அடைத்தேன். பொம்பிளைப் பிள்ளையைத் தனியே அவ்வளவு தூரம் விடப் போகிறாயோ என்று கனடாவிலிருந்து என் அக்கா கேட்டபோதும் மகளுக்காகக் கொடி பிடித்தது நான்தான்.

பரீட்சை முடிந்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு எந்தப் பரீட்சையும் விடைத்தாள் கொடுப்பதோடு முடிவதில்லை. மார்க்ஸ் வரும்வரை அம்மாளாச்சிக்கும் வேலை இருக்கும். ஓகஸ்டில், முடிவு வருவதற்குச் சில நாள் முன்னால், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேர். நான் பாற்செம்பு எடுப்பதாக நேர்ந்திருந்தேன். இவர் பிரதட்டை எடுக்கப் போவதாகச் சொன்னார். தேருக்குப் பின்னால் ஈர வேட்டியோடு தார் வீதியில் உருண்டு வருவது. சுப்பர்மார்க்கெட் களஞ்சியத்தில் பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு நோவுக்கு மாத்திரை போடுகிற மனுஷன். வேண்டாமப்பா, ஒரு அர்ச்சனை செய்தால் போதும் என்றேன். கேட்டால்தானே. காரியம் கைகூடிய பிறகு நேர்த்திக்கடனைச் செய்வதுதான் வழக்கம். இவர், முன்கூட்டியே செய்துவிட்டால் அம்மாள் பிறகு மறுக்கமாட்டாள் என்று ஒரு நியாயம் வைத்திருந்தார்.

அன்று நல்ல வெயில். கவுன்சில் மூடிக்கொடுத்த வீதியில் தொண்டர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார்கள். நான் செம்பைக் கோயிலில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், முதுகெல்லாம் மண்ணும் உடைத்த தேங்காய்ச் சிரட்டைத் துகளும் ஒட்டியிருக்க, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு உருண்டு வருகிறார். மகள் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்து வந்தாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மகளின் மார்க்ஸுக்காக மனுஷன் றோட்டில் உருளுகிறார், பாருங்கோ என்று பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத பெண்ணிடம்கூடப் பெருமையடித்தேன்.

அடுத்த வியாழன் காலை முடிவு வந்தது. மூன்றும் ஏ. மகள் மாடிப்படியில் நின்று கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், விளக்கேற்றினேன், கனடாவுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் அவளுடைய தலையைத் தடவிக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடுகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கேத்திலைக்கூடப் போடாமல் பாத்திரம் கழுவுகிற சிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

உங்களுடைய பிரதட்டைக்கு அம்மாளாச்சி கண் திறந்துவிட்டாள் என்றேன்.

"நான் கேட்டது இதில்லை," என்றார். "ஒண்டே ஒண்டு பி வரட்டும் எண்டு கேட்டனான். பிள்ளை வீட்டிலயிருந்து போய்ப் படிக்கட்டும் எண்டு."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. பெற்ற தகப்பன் கேட்கிற வரமா இது, ஊரெல்லாம் மார்க்ஸ் கூட வேண்டுமென்று உருளுது, நீங்கள் குறையச் சொல்லி உருண்டீங்களோ என்று, மகளுக்குக் கேட்காதபடி குரலை அடக்கிக்கொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒரே வீட்டுக்காரர் இரண்டு பேர் ஒரே நாளில் எதிரும் புதிருமாகக் கேட்டால் அம்மாள்தான் பாவம் என்ன செய்வாள்.

"படிக்கப் போறன் எண்டு ஊரிலயிருந்து வெளிக்கிட்ட நான் பிறகு எங்கட அம்மாவோட இருந்தனானோ?" என்று மட்டும் கேட்டார்.

ஏச்சு அதோடு நின்றுவிட்டது. கோபம் போகவில்லை. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது. மகள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற ஆசையை அவர் றோட்டில் உருண்டாவது கேட்டுவிட்டார். எனக்கும் அதே ஆசைதான். நல்ல தாய் என்று பேர் எடுக்கிற அவசரத்தில் அம்மாளிடம்கூட அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். இப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது. குளியலறையை மணிக்கணக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு என்னிடம் ஏச்சு வாங்க வீட்டில் ஆளில்லை. அவள் விரும்பிச் சாப்பிடுகிற நண்டுக் குழம்பை நான் வைப்பதே இல்லை. பின்னேரத்தில் ட்ரெயினால் இறங்கிச் சிரித்துக் கதைத்துக்கொண்டு வருகிற பெண்பிள்ளைகளின் சத்தம் எங்கள் ஜன்னலடியில் கேட்கும். அது எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்வரை கையில் என்ன வேலை இருந்தாலும் ஓடாது. எனக்கு என் பிள்ளை வேண்டும். வேறொன்றுமில்லை.

ஃபோனில் மட்டும் நான் பெரிய வீராங்கனை. ஒவ்வொரு வருஷமும் மார்க்ஸ் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த ஸ்கொலர்ஷிப் நின்றுவிடும். ஆகவே எடுத்தவுடன் மார்க்ஸ் எப்படி என்பேன். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வரவில்லை என்றாள். ஓம் ஓம், படிப்பைப் பார் என்றேன். ஈஸ்டருக்கும் அதேதான்.

இந்த ஜூனில் ஃபோன் எடுத்தாள். இந்த வருஷமும் மார்க்ஸ் தேறிவிட்டதாம். கோடைக்கு ஆய்வுகூடத்தில் வேலை தருகிறார்களாம், வீட்டுக்கு வரவில்லை, அங்கேயே நிற்கப் போகிறாளாம். வழக்கம்போல நல்லது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை.

"வீட்டை வாவன், பிள்ளை," என்றேன். "நீ இல்லாம எனக்கு ஏலாமக் கிடக்குது."

மறுபக்கத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீங்கள் எப்பவும் மார்க்ஸைத்தானேம்மா கேக்கிறனீங்கள்," என்றாள். "நான் வராட்டில் உங்களுக்குப் பரவாயில்லையாக்கும் எண்டு நினைச்சன். நேற்றுத்தான் அந்த வேலைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."