மேல் ஊற்றுத் தண்ணீர்

தாது வருஷத்துப் பஞ்சம் ஓய்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஆரணிக்கு வாத்தியார் வேலைக்கு மாற்றலாகி வந்தேன். பட்டு நெசவாளர்கள் குடியிருந்த ஒரு தெருவில் வாடகைக்கு வீடு கிடைத்தது. கல்யாணமாகி நானும் என் மனைவியும் தனிக்குடித்தனம் வைத்த முதல் வீடு அது.

வீட்டுக்குள்ளேயே கிணறு உண்டு. ஆனால் தண்ணீர் உப்பு. துணி துவைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். வாயில் வைக்க முடியாது, பருப்புகூட வேகாது. நல்ல தண்ணீர் ஆற்றிலிருந்துதான் வர வேண்டும். ஆறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். மணலில் ஊற்றுத் தோண்டி எடுப்பார்கள். மேற்கே மேல் ஊற்று, குடிப்பதற்கு. கிழக்கே கீழ் ஊற்று. அங்கே சாயக்காரர்கள் சாயம் போட்ட பட்டு நூலை அலசுவார்கள். கீழ் ஊற்று ஊருக்குக் கிட்டத்தில் இருந்தது. மேல் ஊற்றுக்கு வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும். தண்ணீர் சுமப்பவர்கள் சோம்பல்பட்டுக் கீழ் ஊற்றில் மொண்டு வந்து கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அந்த ஊரில் தண்ணீர் வாங்குகிற எல்லா வீட்டுக்கும் உண்டு.

பால் காய்ச்சிய அன்றே வீட்டுக்காரர் ஒரு அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் நாலைந்து தறி வைத்திருந்தவர், நல்ல வாயாடி.

"வாத்தியாரே, இந்த ஊட்டுக்கு இதான் தண்ணிக்காரம்மா. முன்ன இருந்தவங்களுக்கும் இதான் ஊத்திகினு இருந்தது. புருஷன் இல்ல. ஒயுங்கான பொம்பள."

அந்த அம்மாளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எத்தனை நடை வேண்டும் என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டாள். குடத்துக்கு ஒரு கோடு, வாசல் சுவரில் சுண்ணாம்பால் இழுத்துவிட்டுப் போவாள். மாதம் முடிந்ததும் கோடுகளை எண்ணிக் கூலி, பொங்கலுக்கு ஒரு புடவை. அந்தக் காலத்தில் தண்ணீருக்கு அதுதான் கணக்கு.

"மேல் ஊத்துதானே?" என்றேன், கொஞ்சம் அதிகாரமாகவே.

"மேல் ஊத்துதாங்க. எம் புள்ளைங்களும் அதான் குடிக்குதுங்க" என்றாள்.

அவள் வாசற்படியோடு நின்றுவிடுவாள். என் மனைவி நீட்டும் தவலையில் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, கோடு இழுத்துவிட்டுப் போவாள். தவலையை உள்ளே எடுத்துப் போய்ப் பானையில் ஊற்றுவது என் மனைவியின் வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பானையை அந்த அம்மாள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பானையின் வாயில் துணி கட்டித் தண்ணீரை வடிகட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். பேதிக்குக் காரணம் அழுக்குத் தண்ணீர் என்று படித்திருந்தேன். என் மனைவி பழைய வெள்ளை வேஷ்டித் துண்டைக் கட்டியிருந்தாள். அது என் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டது. சந்தையில் ஒருவன் சிவப்புத் துணி விற்றான். நெருப்பு மாதிரி சிவப்பு. சீமைச் சாயம், சாகும்வரை வெளுக்காது என்று சத்தியம் செய்தான். ஒரு துண்டு வாங்கி வந்து, இதைக் கட்டு என்று கொடுத்தேன். கட்டினாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து எங்கள் பள்ளியின் தலைமையாசிரியரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். வேறு இரண்டு வாத்தியார்களும் வந்தார்கள். நாங்கள் எப்போதும் பித்தளைச் செம்பில்தான் தண்ணீர் குடிப்போம். தலைமையாசிரியருக்கு என்று சொல்லி, புதிதாகக் கண்ணாடி டம்ளர் வாங்கி வைத்திருந்தேன். என் கையாலேயே தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அவர் டம்ளரை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

"என்னய்யா, பட்டு நெய்கிற ஊரில் தண்ணீரையும் சாயம் போட்டுத்தான் தருவீர்களோ?" என்றார். மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கீழ் ஊற்றிலே மொண்டு உம் தண்ணீர்க்காரி உம் தலையில் கட்டியிருக்கிறாள் ஓய்!" என்று தலைமையாசிரியர் முடித்தார்.

டம்ளரை வாயில் வைக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு மோரைக் குடித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் சாயக் கழிவைக் குடித்திருக்கிறோமே என்பதால் வந்த கோபம் என்று அப்போது நினைத்தேன். பொய். மேலதிகாரி சிரித்தார் என்பதால் வந்த கோபம் அது. இன்று நினைத்தாலும் அந்த இளைஞனை இழுத்து வைத்து அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் நேரம். அந்த அம்மாள் தலையில் ஒரு மண்குடம், இடுப்பில் ஒரு மண்குடமாக வந்துகொண்டிருந்தாள்.

"நில்லுடி!" என்றேன். அதுவரை அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை. "எந்த ஊற்றுத் தண்ணீர் இது?"

"மேல் ஊத்துதாங்க."

"பொய் சொல்லாதே. கீழ் ஊற்றில் மொண்டு வந்து என் குடும்பத்துக்கு விஷம் வைக்கிறாயா?"

தறிச் சத்தம் வீடு வீடாக நின்றது. ஆட்கள் வெளியே வந்தார்கள். அவள் பயப்படவில்லை. தலைக்குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள்.

"இன்னா பேச்சு பேசறீங்க? நெஞ்சு தெரிஞ்சி நான் அப்படிப் பண்ணதில்லீங்க. எதுல பாத்தீங்க, செவப்பா கீதுன்னு?"

"கண்ணாடி டம்ளரில் பார்த்தேன்."

"அப்ப அதையே எடுத்தாங்க. இந்தக் கொடத்துத் தண்ணிய அதுல ஊத்திப் பாருங்க. இத்தினி பேரு நிக்கிறாங்க, அல்லாரும் பாக்கட்டும்."

எவ்வளவு சுலபமான வேலை! டம்ளர் உள்ளே இலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இவ்வளவு படித்தவனுக்கு, படிக்காத கோபக்காரனுக்குக்கூடத் தோன்றியிருக்க வேண்டியது தோன்றவில்லை. "எனக்கே பாடம் சொல்கிறாயா?" என்று கத்திக்கொண்டே அவள் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கித் தெருவில் போட்டு உடைத்தேன்.

தண்ணீர் என் கால் வழியாக ஓடியது. சுத்தமாகத்தான் ஓடியது. நான் கீழே பார்க்கவில்லை.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஒருவர் முன்னால் இப்படிக் குடத்தைப் போட்டு உடைப்பது எதற்கு என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் உடைந்த ஓடுகளைப் பார்த்தாள்.

"உசுரோட கீறவளுக்குக் கொள்ளிக் கொடம் ஒடைச்சிட்டியே, வாத்தியாரே" என்றாள். மற்றக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தலைமையாசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எதிர் வீட்டுக்காரர், "நம்ம ஊட்டுக்கும் இனிமே அது வேணாம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் அவளை நிறுத்திவிட்டது. கீழ் ஊற்றில் மொண்டவள் என்று ஒரு வீடு சொல்லிவிட்டால் தண்ணீர்க்காரிக்கு அந்த ஊரில் வேறு வீடு கிடையாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். வந்த புதிதிலேயே வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை என் மனைவி பானையைக் கழுவ எடுத்தாள். வாயில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு அலசியிருக்கிறாள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ரத்தம் மாதிரி இருந்தது.

"இந்தாங்க, உங்க கீழ் ஊத்து" என்றாள்.

கட்டிக்கொண்டிருந்த தலைப்பாகையை அப்படியே கீழே வைத்தேன்.

"போய் நடுத்தெருவுல நின்னு சொல்லுங்க. நேத்து கத்தினீங்களே, அதே மாதிரி கத்திச் சொல்லுங்க."

நான் தெருவில் சொல்லவில்லை. அன்று மாலை ஒரு புதுப் பித்தளைக் குடம் வாங்கிக்கொண்டு, ஆற்றோரம் இருந்த அவள் குடிசையைத் தேடிப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் குடத்தைத் தொடவில்லை.

"எனக்கு எதுக்குய்யா சொல்ற? நான் மேல் ஊத்துல மொண்டது எனக்குத் தெரியாதா? தெருவுல சொல்லு. ஒடைச்சது தெருவுல, ஒட்டவெக்கிறது ஊட்டுக்குள்ளயா?"

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன்.

"நாளைக்கா?" என்று ஒரு மாதிரி சிரித்தாள். "இன்னிக்கு ஒல வெக்க ஒண்ணுமில்ல எனக்கு. சரி, நாளைக்கு."

வீட்டுக்காரரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சீமச் சாயமா? அது சிரிச்சாலே ஓடுமே வாத்தியாரே! சரி வுடுங்க. இன்னொரு ஆளு வெச்சாச்சு. இனிமே போய்ச் சொன்னா உங்களுக்குத்தான் பேஜாரு. பசங்க கூட மதிக்காது." நான் கேட்க விரும்பியதை அவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளியில் தலைமையாசிரியர் என்னைக் காட்டி, குடிதண்ணீரில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? இப்படித்தான் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. துணிச்சலாக உடைத்த கைக்கு வாயைத் திறக்க மட்டும் பலமில்லை. கோழை. வேறு வார்த்தை இல்லை.

என் மனைவி புதுத் தண்ணீர்க்காரியைப் படியேற விடவில்லை. நான் திருப்பிக் கொண்டுவந்திருந்த பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே மேல் ஊற்றுக்குப் போனாள். வாத்தியார் பெண்டாட்டி தண்ணீர் சுமக்கிறாள் என்று தெரு வேடிக்கை பார்த்தது. வேண்டாம் என்று அதட்டினேன், கெஞ்சினேன். அவள் நடையை நிறுத்தவில்லை. ஒவ்வொரு நடைக்கும் சுண்ணாம்பு தொட்டு, அந்த அம்மாள் இழுத்திருந்த கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நான் நடக்க வேண்டும்.

அடுத்த மாதம், அந்த அம்மாளுக்குச் சேர வேண்டிய கூலியை எடுத்துக்கொண்டு குடிசைக்குப் போனேன். பூட்டிக்கூட இல்லை, காலியாகத் திறந்து கிடந்தது. பிள்ளைகளோடு செய்யாறு பக்கம் நாற்று நடப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் பெரிதாகத் தேடவில்லை. தேடினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தேடவில்லை.

என் மனைவி போன வருஷம் காலமானாள். கடைசிவரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவளைத் தகனம் செய்த அன்று, தோளில் குடத்தை வைத்துச் சுற்றிவந்து கீழே போட்டு உடைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் சுத்தமாகத்தான் ஓடியது.

நான் சொல்ல வேண்டியிருந்தது அந்தத் தெருவில், அந்த வாசலில், அந்தத் தண்ணீர்க்காரம்மா நிற்கும்போது. பத்திரிகையில் எழுதுவது அதற்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 'நாளைக்கு' என்று நான் சொன்ன நாள் இன்னும் முடியாமல் கிடப்பதால் இன்று எழுதுகிறேன்: அந்த அம்மாள் கொண்டுவந்தது மேல் ஊற்றுத் தண்ணீர்.