கலஹா மலையில் பெயர்க்க விடாத கல்திட்டை

கண்டியிலேயே பிறந்து வளர்ந்தும் நாற்பத்து மூன்று வயது வரை கலஹாப் பக்கத்துப் பெருங்கற்காலக் கல்லறையைப் பார்க்காதது என் குற்றம்தான். அதைப் பெயர்த்து ஒரு விடுதித் தோட்டத்தில் அலங்காரமாக வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வயிறு எரிந்தது. "தனியாவா போற?" என்று உம்மா கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேற்று, சனிக்கிழமை, கிளம்பிவிட்டேன்.

பேராதனையில் காலை 5.40க்கு பஸ், நூறு ரூபாய். 6.35க்குக் கலஹா. அங்கிருந்து ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், எழுநூறு ரூபாய். (எண்ணூறு கேட்டார். நானா விடுவேன்?) ஓட்டுநர் செல்வம் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல படிதான் மிஸ். ஒன்றரைக் கிலோமீட்டர் நடங்க. அட்டை இருக்கு, காலுல சவுக்காரம் தேச்சுக்கங்க."

தேய்த்தேன். அட்டைகள் அதையும் மதிக்கவில்லை.

7.30க்கு மேலே ஏறிவிட்டேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூன்று பலகைக் கற்கள் நிற்க, அவற்றின் மேல் பெரிய மூடுகல். யாருக்காக எழுப்பியதோ, அவ்வளவு பாரத்தை எப்படித் தூக்கினார்களோ! மூடுகல்லின் மேல் ஒரு பிடி கொழுந்து கிடந்தது. படம் சுத்தமாக வரட்டுமே என்று தட்டிவிட்டேன்.

"ஐயோ மிஸ், அது பொலிக் கொழுந்து!"

கத்தியவர் பரமேஸ்வரி. அங்கே கொழுந்து பறிக்க வந்திருந்த பத்துப் பெண்களில் ஒருவர். தினமும் முதல் பிடியைக் கல்லுக்கு வைத்து, விளைச்சல் பெருகட்டும் என்று "பொலி, பொலி" எனக் குரல் கொடுத்த பிறகுதான் கூடையை நிரப்பத் தொடங்குவார்களாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தேன்.

அப்போதுதான் பின்பக்க லொறிப் பாதையில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. கூடவே தேயிலைத் தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி மேலாளர்.

"தள்ளுங்க, தள்ளுங்க. இது என்ன, ஒங்க பாட்டன் கல்லறையா?"

பரமேஸ்வரி கூடையை இறக்கி வைத்தார்.

"எங்க பாட்டன் இந்தத் தேயிலைக்கு அடியில கெடக்காரு தொரை. எந்த எடமுன்னுகூடத் தெரியாது, ஒரு கல்லும் வைக்கல. இவரு யாரு பெத்த புள்ளையோ, இவருக்காச்சும் கல்லு இருக்கட்டும். இதைப் பேத்தா இன்னிக்குப் பொலி இல்ல. பொலி இல்லாட்டி கொழுந்தும் இல்ல."

சொல்லிவிட்டுக் கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். நானும்தான்.

"நீங்க யாரு?" என்றார் சின்னத்துரை என்னைப் பார்த்து.

"கண்டி ஆள். எனக்கும் ஊர் இதுதான்."

அவர் போனில் யாரிடமோ கத்தினார், பிறகு கெஞ்சினார். 9.20க்கு இயந்திரம் திரும்பிப் போனது. திங்கட்கிழமை பொலிஸோடு வருவதாகச் சொன்னார். "வாங்க தொரை, நாங்க எங்க போயிறப் போறோம்?" என்றார் பரமேஸ்வரி.

கட்டியவர்களின் பெயரோ மொழியோ யாருக்கும் தெரியாது, ஆகவே கேட்க நாதியில்லை என்று பெயர்க்க வந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். நாதி இருக்கிறது. பத்துப் பேரை என் கண்ணால் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள், மேலே கடை கிடையாது. மழை பெய்தால் படி வழுக்கும், செருப்பு வேண்டாம். திங்கட்கிழமைக்கு நான் லீவு போட்டுவிட்டேன். கல்லுக்கு முன்னால் உட்கார இன்னும் நிறைய இடம் இருக்கிறது.