வந்த நோக்கம்: வைத்தியம்

போர்நிறுத்தம் நிலவிய சமாதான காலத்தில் வவுனியாவிலிருந்து ஓர் இணையத்தளத்தைப் பராமரித்தேன். கணினியில் தமிழ் எழுதுவதற்கான இலவச மென்பொருளின் தளம் அது. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது, யாரும் திருத்தலாம். திருத்தியவர்கள் என்னவோ மூன்று பேர்தான்.

நெளுக்குளத்தில், ராத்தா என்று நான் அழைக்கும் ஓர் அக்கா எங்கள் பழைய பதிப்பை வைத்து ஊராருக்கு விண்ணப்பங்கள் அடித்துக் கொடுத்தார். முல்லைத்தீவிலிருந்து துரத்தப்பட்டு, முகாம் முகாமாக அலைந்து வந்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. அவரது பழங்கணினியில் புதிய பதிப்பு ஓடாது. பழையதோ, அச்செடுக்கும்போது இரண்டாம் பக்கத்தை விழுங்கிவிடும். நிரலைத் திருத்த எனக்குத் தெரியாது, ஆனாலும் திருத்துவித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

கனடாவிலிருந்த மென்பொருள் பொறுப்பாளர், பழைய பதிப்பை யாரும் பாவிப்பதாகத் தெரியவில்லை, கைவிடலாம் என்று எழுதினார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பாவிப்பவர்கள் யாரென்று காட்டுவதற்காகப் பதிவிறக்கும் பக்கத்தில் ஒரு படிவம் வைத்தேன். வயது, தொழில், நிரந்தர விலாசம், வந்த நோக்கம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

படிவங்கள் வந்து குவிந்தன. எங்கள் சனம் சோதனைச் சாவடியில் நிரப்பிப் பழகியபடியே நிரப்பியிருந்தது. வந்த நோக்கம்: வைத்தியம். வந்த நோக்கம்: உறவினர் திருமணம். இரண்டு நாளில் திரும்பிவிடுவதாக ஒருவர் உறுதியளித்திருந்தார். பெரும்பாலானோருக்கு அறுபது வயதுக்கு மேல். சாவடியில் கிழவர்களை அதிகம் விசாரிப்பதில்லை. வடக்கு விலாசம் என்றால் கேள்வி கூடும்; ஆகவே விலாசமெல்லாம் கொழும்பு.

பொறுப்பாளர் அவற்றைக் கவனமாக ஆராய்ந்தார். நமது பாவனையாளர்கள் முதிய நோயாளிகள், ஆகவே எழுத்தைப் பெரிதாக்குவோம் என்றார். அவை சாவடிப் பழக்கத்தில் எழுதிய பொய்கள் என்ற உண்மையை நான் எழுதினேன். பழைய பதிப்பைப் பாவிக்கும் ஒரே ஒருவரின் சரியான விவரத்தையாவது அனுப்பினால் திருத்தித் தருவதாகப் பதில் வந்தது. நியாயமான மனிதர்.

சைக்கிளில் ராத்தாவிடம் போனேன். அவர் யாருக்கோ வீட்டுத்திட்ட விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார்.

"பேரும் வயசும் விலாசமும் காணும், ராத்தா, வேறொண்டும் வேண்டாம். குடுத்தால் திருத்தித் தருவினம்."

"அதை ஆர் ஆர் பாப்பினம்?"

"தெரியாது," என்றேன். படிவத்தை எழுதியவன் நான். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

ராத்தா முதற்பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்தார்.

"எங்களைக் கனதரம், முகாமுக்கு முகாம், பதிஞ்சு போட்டினம், தம்பி," என்றபடி ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப் பேனையின் மூடியைக் கழற்றினார். "ரெண்டாம் பக்கத்தை நான் கையால எழுதுறன்."