மருதமுத்துப் பிள்ளையின் படியில்லாத பங்களா

வீட்டுப் படம் வரைகிறவனுக்குக் கோடு நேராக வந்தால் மட்டும் போதாது, நாக்கும் அடங்கியிருக்க வேண்டும். எனக்கு வாய்த்தது முதலாவது மட்டும்தான். தேயிலைத் தோட்டங்களில் துரைமாருக்குப் பங்களாவும் நம் சனங்களுக்கு வரிசை வீடான லயமும் வரைந்துகொண்டு சிவனே என்று இருந்தவன், பதுளைத் துணிக்கடை மருதமுத்துப் பிள்ளையிடம் போய் மாட்டினேன். என்னைப்போல் பென்சிலும் கையுமாக அல்லாடுகிறவர்களே, கேளுங்கள் இந்தக் கூத்தை.

அண்ணாந்து பார்க்க

பிள்ளையின் நிலம் ஹாலிஎல பக்கம். மேற்கே மேலே வண்டிப் பாதை. அங்கிருந்து நிலம் கிழக்கே சரிகிறது, சரிகிறது, ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த இடம் வரைக்கும். ஆடு கூட யோசித்துத்தான் கால் வைக்கும். அதில் மாடியில்லாமல், ஒரே தட்டில், துரை பங்களா மாதிரி நவீனமாக வீடு வேண்டுமாம். தலைவாசல் மட்டும் கிழக்கே பார்க்க வேண்டுமாம்.

"கிழக்கே பள்ளமுங்க, பெரிய படிக்கட்டு கட்ட வேண்டி வரும்" என்றேன். பயந்துவிடுவார் என்று பார்த்தால் மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுதானே தம்பி கம்பீரம்! நாளைக்கு ரயில்ல போறவன் அண்ணாந்து பார்க்கணுமில்ல?"

அம்மாவின் முழங்கால்

படத்தை விரித்த அன்று பிள்ளையின் மனைவி செல்லம்மாவும் வந்து உட்கார்ந்தார். கடைக்கு மேலே மாடியில் குடித்தனம். செங்குத்தான மரப்படியில் ஏறி இறங்கியே முழங்கால் போய்விட்டது. மாடியில்லாத வீடு வேண்டுமென்று பிள்ளையை நச்சரித்ததே அவர்தான். நானோ சரிவுக்குத் தோதாக அறைகளை மூன்று மட்டத்தில் இறக்கி, இடையிடையே படி போட்டிருந்தேன். உள்ளுக்குள் பெருமை வேறு!

அம்மா அந்தப் படிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"சாமி கும்பிட நாலு படி, சோறு வடிக்க நாலு படியா? இதுக்கு நான் அந்த மாடியிலயே கெடந்துட்டுப் போறேன் தம்பி."

மட்டம் பண்ணிய லட்சணம்

படத்தைக் கிழித்துப் போட்டேன். வண்டிப் பாதையின் மட்டத்துக்கே தளத்தை வைத்து, கிழக்கே கருங்கல் சுவர் எழுப்பி, மண் நிரப்பி, வீடு முழுவதையும் ஒரே மட்டமாக்கினேன். பாதையை ஒட்டிச் சமையற்கட்டு. வண்டியை விட்டு இறங்கினால் ஒரு படிகூட ஏறாமல் உள்ளே நடக்கலாம். "தலைவாசலையும் இந்தப் பக்கமே வச்சிருவோமுங்க" என்று கெஞ்சினேன். பிள்ளை குதித்த குதியில் என் மூக்குக் கண்ணாடி நழுவியது. கிழக்கு என்றால் கிழக்குத்தான்.

ஆனால் தளம் உயர்ந்ததால் கிழக்கில் படிக்கட்டும் உயர்ந்துகொண்டே போனது. கல் வேலை மேஸ்திரி அப்புஹாமி பாஸ் ஒருநாள் கீழே நின்று மேலே பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

"ஐயா, இது வீடுங்களா, கதிர்காமத்து மலைங்களா?"

பால் காய்ச்சிய அன்று

குடிபுகும் நாளில் தலைவாசல் வழியாக முதலில் பசு நுழைய வேண்டும், பின்னால் பால்குடத்தோடு வீட்டுக்கார அம்மா. வண்டி வந்து நின்றதோ மேல் பாதையில். தலைவாசலுக்குப் போக எல்லோரும் சரிவில் இறங்கி, மறுபடி படியேற வேண்டும். என்ன கொடுமை! செல்லம்மா குடத்தைக் கட்டிக்கொண்டு வண்டியைவிட்டு அசையவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கச் சொல்கிறேன் என்று பிள்ளை கீழேயிருந்து கத்தினார். "நான் என்ன பொணமா, தூக்கிட்டுப் போக?" என்று அம்மா மேலேயிருந்து சீறினார். ஆசைப்பட்ட வீட்டுக்குள் அவர் நுழையாமலே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

கீழே பசு முதல் படியை முகர்ந்துவிட்டு நின்றுகொண்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், தவிடு காட்டினார்கள். ஐயர் நல்ல நேரம் போகுது, போகுது என்று பறந்தார். திடீரென்று பசு கயிற்றை அறுத்துக்கொண்டு சரிவில் ஓடி ஏறியது. சமையற்கட்டில் வாழைத்தார் இருந்தது. நேராக அந்த வாசலில் நுழைந்தது. செல்லம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வண்டியைவிட்டு இறங்கினார், பசுவுக்குப் பின்னாலேயே குடத்தோடு நடந்தார்.

பிள்ளை தனியாக அத்தனை படியும் ஏறி வந்து தலைவாசலைத் தட்டினார். உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கிய அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வாங்க, வாங்க. மொதல்ல மூச்சு வாங்கிக்கங்க, பால் பொங்கியாச்சு."

இப்போது ரயிலில் போகிறவர்கள் அந்தப் படிக்கட்டை அண்ணாந்து பார்க்கத்தான் செய்கிறார்கள், பிள்ளையும் பார்க்கிறார், ஆனால் வீட்டுக்குப் போவது என்னவோ சமையற்கட்டு வழியாகத்தான்.