கூராக்கப்பட்ட பதினோரு பிட்டுகள்

அடுத்த கோடை விடுமுறையில் வேலைக்குச் செல்லவிருக்கும் தோழியருக்காக இதை எழுதுகிறேன்.

1. தட்டு சுழன்றது

சென்ற மே மாதம் ஒரு முற்பகலில், கடலூர் முதுநகரில் நான் வேலை பார்த்த பட்டறையில், ஒரு பித்தளைப் பிளாஞ்சு, அதாவது குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டு, தன்னைப் பிடித்திருந்த கிளாம்பை உதறிவிட்டு, டிரில்லிங் மெஷினின் துளைக்கும் பிட்டோடு சேர்ந்து சுழன்றது. டிரில்லர் கோவிந்தன் கையை இழுத்துக்கொண்டதால் விரல்கள் தப்பின. அதில் போடவேண்டிய எட்டுத் துளைகளில் முதல் துளையே கிழிந்து கோணலாயிற்று.

அந்தத் தட்டு ஹமீது என்பவருடைய படகின் பம்புக்கு உரியது. அவர் பட்டறை முதலாளி பாயின் மைத்துனர். அப்போது அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா மச்சான், தட்டுல தொளை போடச் சொன்னா ராட்டினம் சுத்துறாரு உங்க ஆளு?" என்றார்.

பாய்க்கு அவமானம் தாங்கவில்லை. "இருவது வருசமா பித்தளையில தொளை போடுற ஆளுதானே நீ? கை நடுங்குதுன்னா சொல்லிட்டு வூட்ல இரு. நாளையிலேருந்து வராத!"

கோவிந்தன் பிட்டைக் கழற்றி, அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஸ்டோர் ஜன்னல் பக்கம் திரும்பினார். உள்ளே இருந்தவள் நான்.

2. ஸ்டோரில் ஒழுங்கு

சிதம்பரத்தில் இலக்கியம் படிப்பவளுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்கலாம். ஸ்டோரில் கருவிகளை எடுத்துக் கொடுத்துச் சீட்டு எழுத, கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர் தேவைப்பட்டார். காலை பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவேன். அதிகம் பேசமாட்டேன் என்பதும் ஒரு தகுதியாகக் கருதப்பட்டது.

முதல் வாரத்தில் ஒரு புகையிலை டப்பாவில் பதினோரு டிரில் பிட்டுகளைக் கண்டேன். ஒவ்வொன்றின் வெட்டுமுனையும் மழுங்கியிருந்தது. காம்பில் சிவப்புக் கறை. கறையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். 'இவற்றைக் கூராக்கித் தருக' என்று திருத்தமாக ஒரு சீட்டு எழுதி, சாணை பிடிக்கும் கிரைண்டருக்கு அனுப்பினேன். எழுத்து அழகாக இருந்ததால் அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. திரும்பி வந்தவற்றை அளவுவாரியாக அடுக்கிப் பெயர் ஒட்டினேன். பாய் அதைப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள வந்தாதான் கடை கடையா இருக்கும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

3. நான் பேசிய முதல் முழு வாக்கியம்

கோவிந்தன் ஜன்னலருகே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஏம்மா, செவப்புப் பொட்டு வச்ச பிட்டெல்லாம் எங்க?"

"துடைத்துவிட்டேன்."

"மொனை?"

"கூராக்கி வைத்திருக்கிறேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "இரும்புக்குத்தான் கூரு. பித்தளைக்குக் கூரா குடுத்தா அது ஸ்குரு மாதிரி உள்ள இழுத்துக்கும். அதுக்குத்தாம்மா நானே மொனையக் கல்லுல தேச்சு மொக்கையாக்கி வச்சிருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு, பாயிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், ஆணியில் தொங்கிய தம் சட்டையை எடுக்கப் போனார். நான் வாய் திறக்காவிட்டால் அவருக்கு வேலை போயிருக்கும். எனக்கு நற்பெயர் எஞ்சியிருக்கும். ஸ்டோரை விட்டு வெளியே வந்தேன்.

"தவறு அவருடையதன்று, அந்தப் பிட்டுகளை யாரிடமும் கேட்காமல் கூராக்கியவள் நான்."

ஹமீது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மச்சான், நேத்து இந்தப் புள்ளையத்தானே ஊர் பூரா புகழ்ந்தீங்க?"

பாய் என்னைத் திட்ட வாயெடுத்து, நேற்றைய புகழ்ச்சி நினைவுக்கு வர, கோவிந்தன் பக்கமே திரும்பினார். "சரி, மாட்டுறதுக்கு முன்னாடி நீ ஏன்யா மொனையப் பாக்கல?"

"சீட்டுல எழுத்து அவ்ளோ அழகா இருந்துச்சு பாய். பிட்டப் பாக்கணும்னே தோணல."

சட்டை ஆணியிலேயே தொங்கியது. கோவிந்தன் அந்த முனையை எண்ணெய்க்கல்லில் நாலு இழுப்பு இழுத்து மழுக்கினார். கிழிந்த துளையைப் பித்தளை வைத்துப் பற்றவைத்து அடைத்துவிட்டு, எட்டையும் போட்டார். பித்தளைத் துருவல் மாவுபோல உதிர்ந்தது. மாலைக்குள் ஹமீது பிளாஞ்சோடு போனார்.

மறுநாள் பதினோரு பிட்டுகளிலும் சிவப்புப் பொட்டு வைத்தேன். டப்பாவின்மேல் 'மழுங்கியவை, அவ்வாறே இருக்க வேண்டியவை' என்று எழுதி ஒட்டினேன். ஓர் இடத்தில் குறையாகத் தெரிவதைத் திருத்தும் முன், அதை நாள்தோறும் கையாள்பவரிடம் கேட்க வேண்டும். நான் கற்றது இவ்வளவே.

கோவிந்தனும் ஒன்று கற்றுக்கொண்டார். விடுமுறை முடியும்வரை, என்னிடமிருந்து எதை வாங்கினாலும், சீட்டைப் படிக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு, முனையை நகத்தில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.