பிள்ளைகளுக்கென்று வந்த தண்ணீர்

கைக்குழந்தைச் சட்டை தைக்கச் சின்னத்தாயியை விட்டால் ஆளில்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் தொண்ணூற்றாறாம் வருஷத்தில் அவள் தைத்தது அது ஒன்றைத்தான். சாயம் கிடையாது, வெளுப்பு கிடையாது, பஞ்சு விளைந்த நிறத்திலேயே இருக்கும். தைத்ததை அலச மலையடிவாரக் கிணற்றிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வரும். உப்போ சாயமோ பட்டால் வெளிநாட்டுப் பிள்ளைகளின் தோல் சிவந்துபோகுமாம். என்ன பாக்கியம் பாருங்கள்.

சின்னத்தாயிக்கும் ஒரு பிள்ளை இருந்தது. அன்புச்செல்வி, ஏழு மாதம். கழுத்து மடிப்பும் அக்குளும் தொடையிடுக்கும் வெடித்துப் புண்ணாகி, தொட்டால் வீல் என்று கத்தும். ஊர் கிழக்கே, பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். மேலே இருந்த சாயப்பட்டறைகளின் கழிவு இறங்கி, ஊர்க் கிணறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஊறியது. காட்டில் வெள்ளாமை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சனம், காடு செத்ததும் எங்கே போகும்? அவள் புருஷன் கதிர் அந்தப் பட்டறை ஒன்றுக்குத்தான் வேலைக்குப் போனான். பஞ்சாயத்து வாரம் ஒருமுறை விட்ட நல்ல தண்ணீர் குடிக்கவும் உலைக்குமே பற்றவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மருந்தே எழுதவில்லை. நல்ல தண்ணீரில் துடையுங்கள், சாயமில்லாத பருத்தியைச் சுற்றுங்கள், தானாக ஆறும் என்றாள். சின்னத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க அவள் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள், எவள் பெற்ற பிள்ளைக்கோ.

சூப்பர்வைசர் அழகிரிசாமி யாரையும் வாடி போடி என்று பேசாத மனுஷர். அவரிடம் போய்ப் புண்ணைச் சொல்லி, தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாள்.

"அது கொழந்தைங்களுக்குன்னு வந்த தண்ணிங்க அம்மணி," என்றார். "நாம கை வெக்கலாமுங்களா?"

இந்த வாயைத்தான் கம்பெனியில் தங்கமான வாய் என்றார்கள். நாசமாய்ப் போக.

அவள் கெஞ்சவில்லை. மறுநாள் கதிரின் பழைய துண்டைக் கொண்டுபோனாள். வேலை விடும் நேரத்தில் அலசு தொட்டியில் அதை முக்கி, சொட்டுமளவுக்கு மட்டும் பிழிந்து, சேலைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் ஈரம் இறங்கிவிடும் என்று இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து போசியில் பிழிந்தால் அரைச் சொம்பு தேறும். அதில் பிள்ளையைத் துடைத்து, கம்பெனியில் கழித்துப்போட்ட வெட்டுத்துணியைச் சுற்றிப் போடுவாள். மூன்றே வாரத்தில் புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. பிள்ளை முதல்முறையாக அழாமல் தூங்கிய அன்று அவள்தான் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்.

நான்காவது வாரம் மாட்டிக்கொண்டாள். சிமெண்டுத் தரையில் அவள் நடந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ஈரம். கூட வேலை செய்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தோன்றி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அழகிரிசாமி ஈரத்தைப் பார்த்துக்கொண்டே கேட் வரைக்கும் வந்தார். நாற்பது பேர் நின்றார்கள். கேட்டில் சோதனை போடும் அம்புஜம் சேலையைத் தடவித் துண்டை உருவி எடுத்தாள்.

"புழிஞ்சுபோட்டுப் போங்க அம்மணி," என்றார் அவர். "புள்ளை காத்திருக்குமுங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மண்ணில் பிழிந்தாள். போதாது என்று இன்னொரு முறை முறுக்கச் சொன்னார். அதன்பிறகு தினமும் அம்புஜத்தின் கை அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. பத்து நாளில் பிள்ளைக்குப் புண் திரும்பி வந்தது, இம்முறை சீழோடும் காய்ச்சலோடும்.

அந்த நேரம் பார்த்து, சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வருவதாகச் சேதி. யாரும் லீவு போடக் கூடாது என்று உத்தரவு. தினமும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கிழவி, கொதிக்கிற பிள்ளையை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்தாள். அழகிரிசாமி பிள்ளையின் கழுத்தைப் பார்த்தார், முகம் சுளித்தார். பையர் கண்ணில் இது படலாமா? இருவரையும் அலசும் அறைக்குள் தள்ளி, வெளியே தாழ் போட்டுவிட்டார்.

உள்ளே தொட்டி நிறையத் தண்ணீர், வாய் வரைக்கும், அடித்தரை தெரிகிற தண்ணீர். சின்னத்தாயி ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். பிள்ளையின் துணியை அவிழ்த்து அதில் இறக்கினாள். பிள்ளை முதலில் திணறியது, பிறகு கையால் அடித்துச் சிரித்தது. அவளும் சேலையோடு நனைந்தாள். பெற்ற பிள்ளைக்கு அவள் ஆசைதீரத் தண்ணீர் வார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பையர் கிளம்பியதும் கதவு திறந்தது. அழகிரிசாமி தொட்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். இனி அந்தத் தண்ணீர் ஆகாது. அதை அவளுக்கே கொடுத்திருக்கலாம், ஒரு குடம் கொடுத்திருக்கலாம். குனிந்து அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கினார். அத்தனையும் சாக்கடைக்குப் போனது.

"நாளையிலிருந்து வர வேண்டாமுங்க அம்மணி."

உச்சிவெயில். கேட்டில் அம்புஜம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், சோதனை போடவில்லை. சேலை முழுக்க நல்ல தண்ணீர் இருப்பது அப்போதுதான் சின்னத்தாயிக்கு உறைத்தது. எட்டிப் போட்டு நடந்தாள். நடுப்பகல் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள். சித்திரை மாசக் காற்று நெருப்பாக வீசியது. பஸ்ஸிலும் படிக்கட்டோரம்தான் நிற்க இடம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைக் கீழே விட்டு, போசியை எடுத்து வைத்து, சேலையை அவிழ்த்து இரண்டு கையாலும் முறுக்கினாள். காய்ந்து கிடந்தது. இன்னொரு முறை முறுக்கினாள்.