அசையாமல் நின்ற பூச்சி

என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை "ஆடாதீங்க" என்பதுதான். கைக்குழந்தையோ கிழவரோ, ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, அதையே சொல்வார். நான் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் அழிப்பேன். வெட்கக்கேட்டைச் சொல்ல வந்தவள், என் பங்கை மறைக்கக் கூடாது இல்லையா? அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பூச்சிக் கிறுக்கு அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் பிடித்தது. பழைய லென்ஸ் ஒன்றைக் கேமராவில் முன்பின்னாகத் திருப்பி மாட்டி ஈயின் கண்ணைப் பார்த்தவர், அன்று சாப்பிடக்கூட வரவில்லை. "இங்க வந்து பாரேன், ஒரு கண்ணுக்குள்ள எத்தனை ஜன்னல்னு!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். கல்யாணமான புதிதில்கூட என்னை அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை. செடிப்பேனை எறும்பு தடவிக் கொடுத்து இனிப்பு நீர் குடிப்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ஒரே தொல்லை, பூச்சிகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அவருக்கு வழி சொல்லிக்கொடுத்தான். டப்பாவில் போட்டுப் பத்து நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்தால் மரத்துப்போய் நிற்குமாம். வெயில் பட்டதும் எழுந்து போய்விடுமாம். அன்றிலிருந்து என் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வண்டும் வெட்டுக்கிளியும் குடித்தனம் வந்தன. நான் கத்தினால், "பத்து நிமிஷம்தானே" என்பார்.

போன வருஷம் கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்துச் செடியில், ஒரு நாற்றப்பூச்சி முட்டையிட்டு அதன் மேலேயே கவிழ்ந்து நின்றது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். போட்டோப் போட்டிக்கு அனுப்ப இதைவிட என்ன வேண்டும்? "கிட்டப் போனா ஓடிடும்" என்று அவராகவே முடிவு செய்தார். முட்டைகளைச் செடியிலேயே விட்டு, பூச்சியை மட்டும் டப்பாவில் போட்டு, சீக்கிரம் மரத்துப்போகட்டும் என்று ஐஸ் பிடிக்கும் மேல்தட்டில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடமே அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து நின்றது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து ஓடினார். பூச்சி செத்துக் கிடந்தது. செடியில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தன.

அப்போது அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அவர் எறும்புகளை ஊதிவிட்டார். மிச்சமிருந்த முட்டைகள் மேல் செத்த பூச்சியை நிற்கவைத்து, படம் எடுத்தார். படத்தின் ஓரத்தில் ஓர் எறும்பு தப்பி நின்றது. மருவை அழிப்பதுபோல அதை அழித்தவள் நான். அரை நிமிஷ வேலை. 'காவல்' என்று படத்துக்குப் பெயர் வைத்தவளும் நான்தான்.

முதல் பரிசு எங்களுக்கு. நடுவராக வந்தவர் விலங்கியல் டீச்சர். மேடையில் என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசினார்.

"இந்தத் தாய் முட்டையை விட்டு எங்கயும் போகாது. விரலால தொட்டாக்கூட ஓடாது. எந்தப் பக்கம் ஆபத்து வருதோ, அந்தப் பக்கமா உடம்பைச் சாய்ச்சு மறைச்சுக்கும். இதுகிட்ட ஆடாம நில்லுன்னு சார் சொல்லியிருக்கவே வேணாம்!"

கூட்டம் சிரித்தது. அவர் முகம் வெளிறிப்போனதை மூன்றாவது வரிசையிலிருந்து நான் பார்த்தேன்.

"எவ்வளவு நேரம் சார் காத்திருந்தீங்க?" என்று டீச்சர் மைக்கை நீட்டினார்.

அவர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"மூணு நாள், டீச்சர்."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் ஒரே ஒரு முறை பேசினார். "தொட்டாக்கூட ஓடாதாம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் பூச்சிப் படம் எடுக்கவில்லை. அந்தப் படம் மட்டும் கடை முகப்பில் தொங்குகிறது. எடுத்தால் ஏன் என்று கேட்பார்களே! குழந்தையோடு வரும் பெண்கள் அதன் முன்னால் நின்று உருகுகிறார்கள். அவர் குனிந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பார். இப்போதெல்லாம் யாரிடமும் "ஆடாதீங்க" என்று சொல்வதில்லை. "கொஞ்சம் அப்படியே இருங்க" என்கிறார்.

போன வாரம் அதே செடியில் இன்னொரு பூச்சி முட்டை மேல் நின்றது. அவரைக் கூப்பிட்டேன். வரவில்லை. நானே குனிந்து விரலை நீட்டினேன். அது என் விரல் பக்கமாகச் சாய்ந்து முட்டைகளை மறைத்தது. மறுபக்கம் போய் நீட்டினேன். அந்தப் பக்கம் சாய்ந்தது.

"ஓடிடுச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். ஓடிவிட்டது என்று நான் சொல்ல வேண்டும் என்கிற தவிப்பு அந்தக் குரலில் இருந்தது.

"இல்லங்க," என்றேன்.